பாட வராதவர் கொணர்ந்த பாட்டு



மறைக்கல்வி ஆண்டு விழா நெருங்கிவிட்டால் நம் பங்குகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். மாலை வேளையில் பிள்ளைகள் கோவில் மண்டபத்தில் கூடுவர். யாராவது ஓர் அண்ணன் அல்லது அக்காள் அண்மையில் வந்த திரைப்பாடல் ஒன்றை ஒலிக்கச் செய்து, அதன் சொற்களை நீக்கிவிட்டு, அந்த மெட்டில் இயேசுவின் பெயரையும் மரியன்னையின் பெயரையும் பொருத்திக் கற்றுத் தருவார். பிள்ளைகள் பாடுவர்; பெற்றோர் கைதட்டுவர். விழா முடிந்த மறுநாள் அந்தப் பாட்டை நினைவில் வைத்திருப்போர் ஒருவரும் இரார். இதை நாம் குறையாகச் சொல்ல வரவில்லை. நாமும் பல ஆண்டுகள் அவ்வாறு செய்தவரே. ஆயினும், "நம் பிள்ளைகள் பாடுவது யாருடைய பாட்டு?" என்னும் வினா சில காலமாக நம்மை விடாமல் தொடர்கிறது.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன், நாம் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த காலத்தில், கிறிஸ்து பிறப்பு விழாவுக்காகச் சிறுவர் பாடற்குழுவொன்றை அமைத்தோம். அதில் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். ஆர்வம் மிகுந்தவன், ஆனால் அவன் குரல் சுருதியோடு சேரவில்லை. விழாவுக்கு இரு நாள் இருக்கையில் நாம் அவனை அருகழைத்து, "தம்பி, நீ வரிசையில் நில். ஆனால் பாடாதே, வாயை மட்டும் அசை, போதும்" என்றோம். அவன் தலையாட்டினான். நள்ளிரவுத் திருப்பலியில் புதுச்சட்டை அணிந்து முன்வரிசையில் நின்று, ஒலியின்றி வாயை அசைத்தான். அதன்பின் அவன் பாடற்குழுவின் பக்கம் வரவில்லை. நாமும் அதை மறந்துவிட்டோம்.

அண்மையில் ஜப்பான் நாட்டுப் பள்ளிப் பாடல்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தது. படித்துக்கொண்டே வருகையில் அந்தச் சிறுவனின் முகம் நம் முன் வந்து நின்றது. அந்த வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று நாள் அழுகை

1875ஆம் ஆண்டு. ஜப்பானிய அரசு இளைஞர் சிலரை ஆசிரியப் பயிற்சி முறைகளைக் கற்றுவர அமெரிக்காவுக்கு அனுப்பிற்று. அவர்களுள் ஒருவர் இசாவா ஷூஜி. 1851இல் மலைநாட்டுச் சிற்றூர் ஒன்றில் ஏழைப் போர்வீரர் குடும்பத்தில் பிறந்தவர். அவர் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிரிட்ஜ்வாட்டர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். கணிதம், அறிவியல், ஆங்கிலம் அனைத்தையும் உழைப்பால் வென்றார். ஒரு பாடம் மட்டும் அவரை வென்றது. அது பாட்டு.

அங்கே ஆசிரியராக விரும்புவோர் அனைவரும் பாடக் கற்றாக வேண்டும். இசாவாவோ மேலை நாட்டு ஏழு சுரங்களைச் சரியாக ஏறி இறங்கப் பாட இயலாமல் திணறினார். குறிப்பாக நான்காம் சுரமும் ஏழாம் சுரமும், அதாவது நம் மொழியில் 'ம'வும் 'நி'யும், அவர் தொண்டையில் நிலைகொள்ளவில்லை என்பர். இதில் வியப்பில்லை. அவர் பிறந்த மண்ணின் மெட்டுகள் பெரும்பாலும் ஐந்து சுரங்களால் ஆனவை. பிறந்தது முதல் கேளாத ஒலியைத் தொண்டை எப்படிக் கண்டுகொள்ளும்?

பள்ளி முதல்வர் இரக்கமுள்ளவர். "நீர் தொலைவிலிருந்து வந்தவர். உமக்குப் பாட்டிலிருந்து விலக்கு அளிக்கிறோம்" என்னும் பொருள்பட அவரிடம் கூறினார். நல்லெண்ணத்தோடு சொல்லப்பட்ட சொல்தான். ஆனால் அதைக் கேட்ட இசாவா மூன்று நாள் அழுததாகச் சொல்லுவர். தம்மை நம்பி அனுப்பிய நாட்டுக்கு ஒரு பாடத்தைக் குறைத்துக்கொண்டு திரும்புவதா என்ற துயரம் அவரை வாட்டிற்று. விலக்கை அவர் ஏற்கவில்லை. பாஸ்டன் நகருக்குச் சென்று, அங்கே தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுக் கற்பிப்பதில் பெயர் பெற்றிருந்த லூதர் வைட்டிங் மேசன் என்பவரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தார்.

நாம் நம் சிறுவனுக்குக் கொடுத்ததும் இத்தகைய விலக்குத்தான். இசாவாவுக்கு 24 வயது. மறுத்துச் சொல்லவும் வேறு ஆசிரியரைத் தேடவும் தெரிந்தது. ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அது எப்படித் தெரியும்?

இடம் மட்டும் இருந்தது, பாட்டு இல்லை

மேசன் யார்? 1818இல் மெய்ன் மாநிலத்திற் பிறந்தவர். இசையில் பெரும்பகுதியைத் தாமே முயன்று கற்றவர். லூயிவில், சின்சினாட்டி நகரப் பள்ளிகளிற் பணியாற்றி, 1864 முதல் பாஸ்டன் தொடக்கப்பள்ளிகளின் பாட்டுக் கல்வியைக் கவனித்து வந்தார். அவர் முறை எளிது. குழந்தை பேசக் கற்பது போலவே பாடவும் கற்க வேண்டும் என்றார். முதலில் செவி; பிறகுதான் கண். ஆசிரியர் பாட, பிள்ளைகள் கேட்டுத் திருப்பிப் பாடுவர். பாட்டு மனத்திற் பதிந்தபின், சுவரில் தொங்கும் பெரிய அட்டையில் அதே பாட்டின் சுரக்குறிகளைக் காட்டுவார். பாட வராத பிள்ளை என்று எவரையும் ஒதுக்குவது அம்முறைக்கு ஒவ்வாதது. இசாவாவின் 'ம'வும் 'நி'யும் அவரிடந்தான் ஒருவாறு அமைதியுற்றன.

இப்போது ஜப்பானை நோக்குவோம். 1868இல் அங்கே ஆட்சி மாற்றம் ஏற்பட்டு, நாட்டைப் புதுப்பிக்கும் பெருமுயற்சி தொடங்கிற்று. 1872இல் நாடு முழுவதற்குமான கல்விச் சட்டம் வெளிவந்தது. அதன் பாடப்பட்டியலில் 'பாட்டு' என்பதும் இருந்தது. கூடவே, 'இப்போதைக்கு நடத்தப்படமாட்டாது' என்ற குறிப்பும் இருந்தது. காரணம் வெளிப்படை. கற்பிக்க ஆசிரியர் இல்லை. கற்பிக்கத்தக்கவை என்று அரசு கருதிய பாடல்களும் இல்லை.

அந்நாட்டில் இசையே இல்லை என்று எண்ணிவிடலாகாது. அரசவைக்குரிய தொன்மையான இசை இருந்தது. கோத்தோ என்னும் நீண்ட நரம்புக்கருவியின் இசை இருந்தது. தெருவில் பந்தடித்துக்கொண்டே சிறுமியர் பாடும் பாடல்கள் இருந்தன. ஆனால் அரசவை இசை குழந்தைக்கு எட்டாதது. கேளிக்கை விடுதிகளின் பாட்டு வகுப்பறைக்கு ஆகாதது என்றனர் அதிகாரிகள். தெருப்பிள்ளைகளின் பாட்டையோ பாட்டென்றே பலர் மதிக்கவில்லை.

1878இல் நாடு திரும்பிய இசாவா, பள்ளி இசைக்கெனத் தனி நிறுவனம் வேண்டும் என்று வாதிட்டார். 1879இல் இசை ஆய்வுக்கான அரசு நிறுவனம் டோக்கியோவில் தோன்றிற்று. அவரே அதன் தலைவரானார். அவர் வகுத்த திட்டம் மூன்று கூறுகளைக் கொண்டது. கிழக்கையும் மேற்கையும் இணைத்துப் புதுப் பாடல்களை ஆக்குவது ஒன்று. வருங்காலத்தில் நாட்டின் இசையைத் தாமே படைக்கவல்ல மாணவரைப் பயிற்றுவது மற்றொன்று. பள்ளிகளில் இசையை நடைமுறைப்படுத்துவது மூன்றாவது. இவற்றுள் இரண்டாவதை வாசகர் நினைவிற் கொள்க. வெளியிலிருந்து ஆசிரியரை வருவிக்கும்போதே, அவரின்றி நடக்கும் நாளையும் அவர் எண்ணிப்பார்த்தார்.

கடல் கடந்த முதியவர்

1880 மார்ச்சுத் திங்களில் மேசன் ஜப்பானில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு 62 வயது நிறையவிருந்தது. பலர் ஓய்வை நாடும் அந்த வயதில், மொழி தெரியாத நாட்டுக்கு, அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித்தர அவர் புறப்பட்டார். பியானோக்களும் பாடநூல்களும் சுர அட்டைகளும் அவரோடு சென்றன. ஆசிரியப் பயிற்சிப் பள்ளிகளோடு இணைந்த தொடக்கப்பள்ளியிலும் மழலையர் பள்ளியிலும் அவர் கற்பித்தார். அரசவை இசைக் கலைஞர்களே அவரிடம் மாணாக்கராய் அமர்ந்து மேலை இசை பயின்றனர்.

மொழி தெரியாத ஆசிரியர் பாட்டைப் புனைவது எப்படி? அங்கேதான் கூட்டுழைப்பு பிறந்தது. மேசன் தம் தொகுப்பிலிருந்து மெட்டுகளைப் பாடிக் காட்டுவார். இசாவாவும் மற்றவர்களும் அவற்றுள் பிள்ளைகளுக்கு ஏற்றவற்றைத் தெரிந்தெடுப்பர். இனகாகி சிகாய் போன்ற மொழிப்புலவர்கள் அம்மெட்டுக்குச் சொல் அமைப்பர். சொல் மெட்டில் அமர்ந்ததா என்று பாடிப் பார்த்துத் திருத்துவர்.

இதன் விளைவாக 1881க்கும் 1884க்கும் இடையே 'தொடக்கப்பள்ளிப் பாடல் தொகுப்பு' மூன்று பகுதிகளாக உருவாயிற்று. முதற்பகுதியில் 33, இரண்டாவதில் 16, மூன்றாவதில் 42; ஆக 91 பாடல்கள். அவற்றுள் மிகப் பல வெளிநாட்டு மெட்டுகள். சில அந்நாட்டவரே அமைத்தவை. தத்துவ ஆசிரியர் ரூசோ தம் இசை நாடகத்துக்கு அமைத்து, பின்னர்ப் பல நாட்டுக் கோவில்களில் ஞானப்பாட்டாக ஒலித்த மெட்டும் அவற்றுள் ஒன்று. ஜப்பானியச் சிறுவர் அதைத் தங்கள் இளவேனிற் பாட்டாகப் பாடினர்.

மோகனம் அமைத்த பாலம்

அவற்றுள் தலைசிறந்தது 'மின்மினி ஒளி' என்னும் பொருளுடைய 'ஹொத்தாரு நோ ஹிகாரி'. ஸ்காத்துலாந்து நாட்டில் பழைய நட்பை நினைந்து பாடும் புகழ்பெற்ற மெட்டு அது. புலவர் இனகாகி அதற்கு எழுதிய சொற்கள் நட்பின் விருந்தைப் பற்றியவை அல்ல. விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியற்று, மின்மினியின் ஒளியிலும் பனியின் வெண்மையிலும் நூல் கற்ற ஏழை மாணவர் இருவரைப் பற்றிய சீனப் பழங்கதையை அவர் எடுத்தாண்டார். அவ்வாறு சேர்ந்து கற்ற தோழர் பிரியும் வேளையின் பாட்டாக அதை ஆக்கினார். மெட்டு அயலது; நினைவு அவர்களுடையது.

அம்மெட்டு அங்கே வேரூன்றியதற்கு இசையிலேயே ஒரு காரணம் உண்டு. அதில் 'ம' இல்லை; 'நி' இல்லை. 'ச ரி க ப த' என்னும் ஐந்து சுரங்களே அதன் உடம்பு. நம் இசையறிந்த வாசகர் உடனே அடையாளம் கண்டுகொள்வர்: அது நம் மோகன இராகத்தின் சுர அமைப்பு. ஸ்காத்துலாந்து மலையில் பிறந்த மெட்டும், ஜப்பானியரின் செவியும், நம் மோகனமும் இந்த ஐந்து படிகளில் ஒன்றையொன்று சந்திக்கின்றன. இசாவாவைத் திணறடித்த அதே இரு சுரங்கள் இல்லாமையால், பாட வராது என்று எண்ணப்பட்ட பிள்ளையும் அதைத் தயக்கமின்றிப் பாட முடிந்தது. 'நான்காவதும் ஏழாவதும் நீங்கிய' அந்த அமைப்பிலேயே பின்னாளில் ஜப்பானியர் நூற்றுக்கணக்கான பாடல்களைப் புனைந்தனர்.

சொல்லமைப்பிலும் ஒரு நுட்பம் இருந்தது. ஜப்பானியச் செய்யுள் ஏழு, ஐந்து என்னும் அசைக்கணக்கில் நடப்பது. அந்த மெட்டோ எட்டும் ஆறுமாக ஒலிகளைக் கேட்பது. ஓரிடத்தில் ஓர் ஒலியை நீட்டிக் குறையை நிரப்பினர். சொல்லை முறிக்கவில்லை, மெட்டையும் முறிக்கவில்லை. பாட்டுப் புனையும் பிள்ளைகள் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே எனலாம்.

'வண்ணத்துப்பூச்சி' என்னும் மற்றொரு பாட்டின் கதை இன்னும் சுவையானது. இசாவா அமெரிக்கா செல்லுமுன் அய்ச்சி மாவட்டத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் தலைவராய் இருந்தபோது, நோமுரா அகிதாரி என்னும் புலவரைக் கொண்டு அவ்வட்டாரப் பிள்ளைகளின் விளையாட்டுப் பாடல்களைத் தேடச் செய்தார். அவ்வழியில் கிடைத்ததே வண்ணத்துப்பூச்சியைப் பற்றிய பாட்டு. பின்னர் மேசன், செருமானியக் குழந்தைப் பாடலொன்றின் மெட்டைக் கொடுத்து, அதற்கு உம் மொழியில் சொல் அமையும் என்றபோது, இசாவாவின் நினைவுக்கு வந்தவை அந்தத் தெருப்பிள்ளைகளின் சொற்களே. இன்றும் ஜப்பானியக் குழந்தைகள் அதைப் பாடுகின்றனர்.

மேசனின் செவி இன்னொன்றையும் கண்டெடுத்தது. பள்ளியில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி நன்றாகப் பாடுவதைக் கேட்டு, அவளைப் பியானோ கற்கத் தூண்டினார். அவளே கோடா நோபு. 1889இல் ஜப்பானிய அரசு இசை கற்க வெளிநாட்டுக்கு அனுப்பிய முதல் மாணவி அவர். பாஸ்டனிலும் பின்னர் வியன்னாவிலும் கற்று, ஆசிரியையாகத் திரும்பினார்.

மேசனுக்கு நேர்ந்த முடிவு இன்பமானதன்று. 1882 சூலையில், திரும்பி வரும் எண்ணத்தோடு கப்பலேறினார். ஆனால் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அவர் இடத்துக்கு வேறொருவர் அமர்த்தப்பட்டார். 1896இல் மேசன் தம் சொந்த மாநிலத்தில் காலமானார். அவர் விதைத்ததன் முழு விளைச்சலை அவர் காணவில்லை.

பிள்ளைகளுக்குப் புரியாத பாட்டு

இனி, குறைகளையும் பார்க்க வேண்டும். புலவர்கள் எழுதிய அப்பாடல்களின் மொழி, பழஞ்செய்யுள் நடை. ஏழு வயதுப் பிள்ளை பொருள் தெரியாமலே வாயாற் பாடிற்று. (செந்தமிழில் எழுத முயலும் நமக்கும் இக்குற்றச்சாட்டில் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்கிறோம்.) 1900ஆம் ஆண்டளவில் ஆசிரியர் சிலர், "பிள்ளைகள் பேசும் மொழியிலேயே பாட்டு வேண்டும்" என்று கூறி, நாட்டுக் கதைகளைப் பேச்சு மொழியில் பாட்டாக்கினர்.

அதே காலத்தில்தான் இசாவா கனவு கண்ட மாணவர் தோன்றினார். டோக்கியோ இசைப்பள்ளியிற் கற்ற தாகி ரெந்தாரோ, 1901இல் நடுநிலைப்பள்ளிப் பாடல் தொகுப்புக்காகத் தம் 21ஆம் வயதில் 'பாழடைந்த கோட்டையின் நிலவு' என்னும் பாட்டுக்கு மெட்டமைத்தார். சொற்கள் தோயி பன்சுயி என்னும் கவிஞருடையவை. இப்பாட்டில் மெட்டும் இரவல் அன்று. மழலையருக்கென எளிய பேச்சு மொழிப் பாடல்களையும் தாகி ஆக்கினார். அதே ஆண்டு செருமனியின் லைப்சிக் நகருக்குப் படிக்கச் சென்றவர், நுரையீரல் நோயுடன் திரும்பி, 1903இல் தம் 23ஆம் வயதில் மறைந்தார்.

பெல்ஜியம் நாட்டின் செவ்தோஞ் என்னுமிடத்துப் பெனடிக்ட் சபை மடத்துத் துறவியர், கீழைத் திருச்சபை வழிபாட்டின் கெருபீன் கீதத்தை இந்த மெட்டிலேயே பாடியிருக்கின்றனர். மேற்கிலிருந்து பள்ளிப்பாட்டாக வந்த இசை, கிழக்கின் சொந்தக் குரலாக மாறி, மேற்கின் பலிபீடத்துக்கே திரும்பிச் சென்றது.

பாட்டு நுகமானபோது

பாட்டு நல்லதற்கு மட்டும் பயன்படுவதில்லை. 1893இல் ஜப்பானிய அரசு, விழா நாட்களில் பள்ளிகள் பாட வேண்டிய பாடல்களை வரையறுத்து ஆணையிட்டது. காலம் செல்லச் செல்ல, வகுப்பறைப் பாட்டு போர்ப்பாட்டாயிற்று. 'மின்மினி ஒளி'யிலேயே நாட்டின் எல்லைக் காவலைப் பாடும் பகுதிகள் இருந்தன. 1945க்குப்பின் அவை பாடப்படாமல் போயின.

இசாவாவின் வாழ்விலும் இந்த நிழல் படிந்தது. 1895இல் ஜப்பான் தைவான் தீவைக் கைப்பற்றியபோது, அங்கே கல்வித்துறைத் தலைவராகச் சென்றவர் அவரே. பிற மொழியின் சுரத்தால் தம் தொண்டை நொந்து அழுதவர், இப்போது தம் மொழியைப் பிறர் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆட்சியின் கையானார். 1896 புத்தாண்டு நாளில் அங்குக் கிளர்ச்சியாளரால் ஜப்பானிய ஆசிரியர் அறுவர் கொல்லப்பட்டனர். கேட்கும் செவியின்றிக் கற்பிக்க மட்டும் கடல் கடந்து செல்வோருக்கு இது எச்சரிக்கை. மறைபரப்பின் வரலாற்றை அறிந்த நமக்கும் இது புறம்பான எச்சரிக்கை அன்று.

கொரியாவிலோ, அதே ஸ்காத்துலாந்து மெட்டு வேறொரு பணியைச் செய்தது. விடுதலையை நாடிய கொரியர் தங்கள் நாட்டுப் பாட்டை நெடுங்காலம் அம்மெட்டிலேயே பாடினர். ஒரே மெட்டு ஆள்வோர் பள்ளியிலும் ஒலித்தது. ஆளப்பட்டோர் ஏக்கத்திலும் ஒலித்தது.

தகேயாமா மிச்சியோ சிறுவர் இதழொன்றில் 1947 முதல் எழுதிய 'பர்மாவின் யாழ்' என்னும் கதையைப் பலர் அறிந்திருக்கலாம். காட்டில் எதிரெதிரே நிற்கும் ஜப்பானியப் படையும் ஆங்கிலப் படையும், 'இல்லம் இனிய இல்லம்' என்னும் பாட்டைத் தத்தம் மொழியில் பாடத் தொடங்கி, சுடாமலே ஒன்றுசேரும் காட்சி அதில் வருகிறது. அந்த ஆங்கில மெட்டு 1889ஆம் ஆண்டுப் பள்ளித் தொகுப்பு வழியே ஜப்பானியருக்குச் சொந்தமாயிருந்தது. முதலில் தம் கதையைச் சீனாவில் நிகழ்வதாக எண்ணியதாகவும், இரு தரப்புக்கும் பொதுவான பாட்டொன்று அகப்படாமையால் பர்மாவுக்கு மாற்றியதாகவும் ஆசிரியரே பின்னர்க் குறித்திருக்கிறார். பகைவரோடு பொதுவாய்ப் பாட ஒரு பாட்டுக்கூட இல்லாத நிலை எவ்வளவு கொடியது!

மாணவன் எழுதிய மூன்றடி

1918இல் சுசுகி மியேகிச்சி என்பவர் 'செம்பறவை' என்னும் சிறுவர் இதழைத் தொடங்கினார். அறிவுரையைத் திணிக்கும் பள்ளிப்பாட்டைவிட, பிள்ளை உள்ளத்தோடு ஒட்டிய பாட்டே வேண்டும் என்று அவ்விதழைச் சூழ்ந்த கவிஞர்கள் முழங்கினர். கிதஹாரா ஹகுஷூ என்னும் கவிஞர் இன்னும் ஓரடி முன்வைத்தார். பிள்ளைகளே எழுதி அனுப்பிய கவிதைகளைத் தெரிந்து, குறிப்புரையோடு வெளியிட்டார். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பினர். கேட்பவராய் இருந்த பிள்ளைகள் படைப்பவராயினர்.

அக்காலத்துப் பாடல்களுள் ஜப்பானியர் நெஞ்சிற் கலந்தது 'செந்தும்பி'. அதை எழுதியவர் மிகி ரோஃபூ. சிறு வயதிலேயே பெற்றோர் பிரிய, தாயைப் பிரிந்து வளர்ந்தவர். அவரைச் சுமந்து வளர்த்தவள் ஒரு செவிலிப்பெண். 1920 முதல் அவர் ஹொக்கைடோ தீவில் டிராப்பிஸ்ட் துறவியர் மடத்தில் இலக்கிய ஆசிரியராகப் பணியாற்றினார். 1921இல் அங்கிருந்தபோதுதான், மாலை ஒளியில் கண்ட தும்பியையும், முதுகில் சுமந்த அந்தப் பெண்ணையும் நினைந்து அப்பாட்டை எழுதினார். மறு ஆண்டு அவரும் மனைவியும் கத்தோலிக்கத் திருமுழுக்குப் பெற்றனர். 1927இல் யமாதா கோசாக்கு அதற்கு மெட்டமைத்தார். ஐந்து சுர மெட்டுத்தான்!

அப்பாட்டின் கடைசிப் பகுதி எங்கிருந்து வந்தது தெரியுமா? பன்னிரண்டு பதின்மூன்று வயதில், பள்ளி மாணவனாய் இருந்தபோது, மிகி எழுதிய மூன்றடிச் சிறு கவிதையே சிற்சில மாற்றங்களோடு அங்கே முடிவாய் அமைந்தது. கழி நுனியில் ஒரு தும்பியைக் கண்ட சிறுவனின் எளிய கூற்று. "இதுவும் கவிதையா?" என்று யாரேனும் அன்று அதைக் கிழித்தெறிந்திருந்தால்? "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லியிருந்தால்?

நம் இல்லங்களுக்கு

1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில், மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பும் இடமும் தரப்பட வேண்டும் என்று கூறிற்று. அதை நாம் குருமடத்தில் மனப்பாடம் செய்தோம். ஆனால் மனப்பாடம் வேறு, மனமாற்றம் வேறு.

இவ்வாண்டு மறைக்கல்வி விழாவுக்குமுன் பிள்ளைகளிடம், "உங்கள் வீட்டில் பாட்டி, தாத்தா, அம்மா, அப்பா பாடும் மெட்டு ஏதாவது இருந்தால் கேட்டு வாருங்கள், அதற்கு நீங்களே நான்கு வரி கட்டுங்கள்" என்றோம். ஒரு வாரத்தில் ஒரு கும்மி மெட்டு வந்தது. நடவுப் பாட்டின் மெட்டு வந்தது. எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி தாலாட்டு மெட்டொன்றைப் பாடிக் காட்டினாள். அவளுக்கும் சுருதி முழுவதும் சேரவில்லை. "யாரிடம் கற்றாய், அம்மா?" என்று கேட்டோம்.

"அப்பா பாடுவாங்க, சாமி. வீட்டில மட்டுந்தான் பாடுவாங்க. கோவில்ல பாடமாட்டாங்க."

அவள் தந்தையின் பெயரைக் கேட்டதும் நமக்குப் பேச்சு எழவில்லை. நாம் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த அதே பங்குக்குப் பங்குத்தந்தையாகத் திரும்பி மூன்றாண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் வாய் திறவாமல் நிற்கும் அந்த மனிதரை நாம் கண்டிருக்கிறோம், அடையாளம் கண்டதில்லை.

அன்று மாலையே அவர் வீட்டுக்குச் சென்றோம். சொல்ல வேண்டியதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டோம். அவர் சற்று நேரம் தரையைப் பார்த்திருந்துவிட்டு, "அதெல்லாம் எப்பவோ நடந்தது, சாமி. நான் மறந்துட்டேன்" என்றார். பின்பு தாமாகவே, "அன்னைக்கு நான் போட்டிருந்தது நீலச் சட்டை" என்றார்.

பெற்றோர்களே, பிள்ளையிடம் "உனக்குப் பாட வராது" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். வராத சுரத்தை விட்டு, வரும் ஐந்து சுரங்களில் தொடங்குங்கள். உங்கள் தாயார் பாடிய தாலாட்டை அவர்கள் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள், பிள்ளைக்குக் கொடுங்கள். பிள்ளை தானாகக் கட்டும் நான்கு வரி கோணலாய் இருந்தாலும், முதலில் முழுவதும் கேளுங்கள், பிறகு திருத்துங்கள்.

விழாவில் பிள்ளைகள் தாங்கள் கட்டிய பாட்டை அந்தத் தாலாட்டு மெட்டில் பாடினர். இரண்டாம் முறை பாடுகையில் பெரியவர்களும் சேர்ந்துகொண்டனர். கடைசி வரிசையில் அவருடைய வாய் அசைவதைக் கண்டோம். பீடத்தருகே நின்ற நமக்கு அவர் குரல் எட்டவில்லை. தனக்குக் கேட்டது என்று அவர் மகள் பின்னர் வந்து சொன்னாள்.